நேரத்தில் சொல்லாத நியாயம்

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. சட்டத்தை எழுதியவர்களே எடுத்துக்காட்டாகச் சேர்த்த கதை. ஒருவர் தன் வீட்டை ஆண்டுக்கு 1,200 ரூபாய் வாடகைக்கு விடுகிறார். 1905, 1906, 1907 என்று மூன்று ஆண்டு வாடகையும் பாக்கி நிற்கிறது. 1908இல் வழக்குப் போடுகிறார். ஆனால் 1906ஆம் ஆண்டுப் பாக்கிக்கு மட்டும். அத்தோடு மற்ற இரண்டு ஆண்டுப் பாக்கிக்கு வழக்குப் போடும் உரிமை அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. குடியிருந்தவர் அந்த 2,400 ரூபாயைக் கட்டிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. கட்ட வேண்டியதில்லை என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே வழக்கில் கேட்டிருக்க வேண்டும், அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அந்த எடுத்துக்காட்டு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

நீதிமன்றம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வாய்தா. தாத்தா போட்ட பாகப்பிரிவினை வழக்கைப் பேரன் நடத்துகிற நாடு இது. ஆனால் இவ்வளவு மெதுவாக நகரும் இடத்துக்குள்ளேயே சில கதவுகள் மிக வேகமாக மூடிக்கொள்கின்றன என்பது பலருக்கும் தெரிவதில்லை. வழக்குப் போடுவதற்கே காலக்கெடு உண்டு என்பது ஓரளவு தெரிந்த சங்கதி: 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி கடன் பாக்கிக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, சொத்தின் சுவாதீனத்தை மீட்கப் பன்னிரண்டு ஆண்டு. இன்னொன்று அதிகம் பேசப்படாதது. உரிய காலத்தில் வழக்குக்குள் வந்துவிட்ட பிறகும், ஒவ்வொரு வாதத்துக்கும் அதற்கென்று ஒரு வேளை இருக்கிறது. சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். (சம்மனில் போட்டிருக்கும் ஆஜர் தேதியிலிருந்து கணக்கு என்று நினைத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கத் தாமதிப்பவர்கள் உண்டு.) இந்த ஊர் நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்கும் எல்லை இல்லை என்றால், அதை எழுவினாக்கள் (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வனையப்படுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். முந்தைய வழக்கில் சொல்லியிருக்கக்கூடிய, சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாதத்தைச் சொல்லாமல் விட்டால், அது சொல்லப்பட்டுத் தீர்மானிக்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வழக்கு காலங்கடந்தது என்ற வாதத்தை எதிர்த்தரப்பு மறந்தே போனாலும், நீதிபதி தாமாகவே அதைக் கவனித்து வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு சொல்கிறது. காலத்தைப் பற்றிய வாதத்துக்கு மட்டும் அத்தனை சலுகை.

இப்படி ஒரு வாதம் கேட்கப்படாமலேயே தோற்பதைப் பற்றிப் பொதுவாக எழும் புலம்பல், நுணுக்கத்தைக் காட்டி நியாயத்தைக் கொன்றுவிட்டார்கள் என்பது. அந்தப் புலம்பலில் பாதிதான் சரி. இந்த விதிகளில் பழையவை பலவும் நல்ல காரணத்தோடு பிறந்தவை. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்று 2003இல் முடிந்த ஒரு வழக்கு அதற்குத் தெளிவான சான்று. தனிநபர் ஒருவருக்கும் அருள்மிகு விஸ்வேஸ்வரசுவாமி கோயிலுக்கும் இடையிலான சொத்துத் தகராறு அது. அசல் இல்லாமல் நகலாகக் கொடுக்கப்பட்ட சில ஆவணங்கள் எதிர்ப்பில்லாமல் சான்றாவணங்களாகக் குறியிடப்பட்டுவிட்டன. அவற்றை மேல்முறையீட்டில் ஒதுக்கலாமா என்பது கேள்வி. உச்ச நீதிமன்றம் ஆட்சேபணைகளை இரண்டாகப் பிரித்தது. ஓர் ஆவணம் தன்னளவிலேயே சாட்சியமாக ஏற்கத் தகாதது என்றால் அதைப் பின்னாளிலும் சொல்லலாம். ஆவணம் ஏற்கத்தக்கதுதான், நிரூபித்த முறைதான் சரியில்லை என்றால், அதை மார்க் செய்யும் அந்த நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஏன்? அப்போதே சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு அசலைக் கொண்டுவந்திருக்கும், அல்லது சாட்சியை அழைத்து நிரூபித்திருக்கும். பேசாமல் இருந்துவிட்டு, சாட்சி இறந்து, அசல் தொலைந்த பிறகு மேல்முறையீட்டில் எழுந்து நிற்பது, மற்றவருக்குத் திருத்திக்கொள்ளக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பைப் பறிப்பதாகும்.

வாதத்தை இழப்பதற்கான சரியான நியாயம் இந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உன் மௌனத்தால் அடுத்தவர் எதை இழந்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் இதையே தன் வார்த்தைகளில் சொல்கிறது. தவறான ஊரில் வழக்குப் போடப்பட்டது என்ற ஆட்சேபணையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்பதற்கு, அது முதல் நீதிமன்றத்திலேயே தொடக்கத்தில் எழுப்பப்பட்டிருக்க வேண்டும். அதனால் நீதி தவறியும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆட்சேபணை செல்லும். மதுரையில் போட வேண்டிய வழக்கைத் திருச்சியில் போட்டதால் யாருக்கும் ஒன்றும் கெடவில்லை என்றால், பத்து ஆண்டு விசாரணையைத் தூக்கி எறிவதில் அர்த்தமில்லை. 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். போதிய முத்திரைத் தீர்வை செலுத்தாத பத்திரம் ஒருமுறை சாட்சியமாக ஏற்கப்பட்டுவிட்டால், அந்தக் குறையைக் காட்டி அதே வழக்கில் பிறகு அதை மறுக்க முடியாது. முத்திரை அரசின் வருமானத்துக்காக ஏற்பட்டது. எதிராளி கையில் கொடுத்த ஆயுதம் அல்ல. ஆனால் இது முத்திரைக்கு மட்டும் பொருந்தும். கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய பத்திரத்தைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் நிலைமை வேறு. வெள்ளைத்தாளில் எழுதிய பாகப் பத்திரத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உண்மை எப்போது வந்தால் என்ன, வரும்போது கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெடுவே இல்லாத நீதிமன்றத்தில் வலுவான வாதத்தை மறைத்து வைப்பதுதான் சாமர்த்தியமாகிவிடும். சீட்டாட்டத்தில் துருப்பைக் கடைசிக் கைக்கு ஒதுக்குகிறவரைப் போல, தோற்றால் எடுத்து வீசலாம் என்று ஒரு வாதத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் பத்து ஆண்டு விசாரணையை வேடிக்கை பார்க்கலாம். வசதியுள்ளவருக்கு அது சௌகரியம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அது அழிவு. ஆகவே வாதத்துக்குக் கெடு விதிப்பதே ஏழைக்கு எதிரானது என்று சொல்லிவிட முடியாது. எதிர்வழக்குரைக்கு நாள் குறித்ததும் வாய்தா வாங்கியே எதிராளியை ஓயவைக்கும் வழக்கத்தை உடைப்பதற்காகத்தான்.

சிக்கல், விதி நியாயத்தை விட்டு எண்ணுக்குத் தாவியபோது தொடங்கியது. 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம், எதிர்வழக்குரைக்கு முப்பது நாள், காரணம் காட்டினால் அதிகபட்சம் தொண்ணூறு நாள் என்றது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005இல் வந்த தீர்ப்பு, தொண்ணூறு நாள் என்பது நீதிமன்றத்துக்கு வழிகாட்டுவதே தவிரக் கையைக் கட்டிப்போடுவது அல்ல, மிகவும் கடினமான நேர்வுகளில் அதைத் தாண்டியும் ஏற்கலாம் என்று விளக்கியது. தாண்டினால் என்ன ஆகும் என்று திருத்தம் எதுவும் சொல்லாததும் அந்த விளக்கத்துக்கு இடம் கொடுத்தது. பத்து ஆண்டு கழித்து வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தபோது அந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள். 2015ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி வணிகத் தகராறுகளில் 120 நாள் கடந்தால் எதிர்வழக்குரை தாக்கல் செய்யும் உரிமையே பறிபோகும். நீதிமன்றம் அதை ஏற்கவும் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றம் இது கட்டாய விதிதான், வேறு அதிகாரத்தைக் காட்டி வளைக்க முடியாது என்றது. 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு நுகர்வோர் வழக்குகளிலும் இதே வழியில் சென்று, எதிர்த்தரப்பின் பதிலுக்கு முப்பது நாள், மேலும் பதினைந்து நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று முடித்தது.

வணிகம் என்றதும் பெரிய கம்பெனிகளின் சண்டை என்று தோன்றும். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது; ஒரு கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறு இந்தச் சட்டத்துக்குள் வராது. 2018இல் அந்த வரம்பு மூன்று லட்சமாக இறங்கியது. இன்று ஈரோட்டில் துணி எடுத்து விற்கிற சிறு வியாபாரியோ, சிவகாசியில் அச்சு வேலை எடுத்துச் செய்கிறவரோ நாலு லட்ச ரூபாய் பில் தகராறில் மாட்டினால் அவருக்கும் 120 நாள்தான். பெரிய நிறுவனத்தில் சம்மனை வாங்கி, தேதி குறித்து, நினைவூட்டத் தனி ஆட்கள் இருப்பார்கள். இவரிடம் சம்மனை வாங்குவது கடைப் பையன். 121ஆம் நாள் இவர் தரும் பதிலில், சரக்கு திருப்பி அனுப்பப்பட்டதற்கான ரசீது இருக்கலாம். வாதியின் சாட்சி இன்னும் கூண்டேறியிருக்க மாட்டார். எந்த ஆவணமும் குறியிடப்பட்டிருக்காது. அந்த ஒரு நாளால் வாதி இழந்தது எதுவும் இருக்காது. ஆனாலும் ரசீதுக்கு வேலையில்லை. சட்டத்தின் பழைய பிரிவுகள் கேட்ட கேள்வியைப் புதிய பிரிவு கேட்பதே இல்லை. நுகர்வோர் வழக்கில் இந்தக் கண்டிப்பு பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டுமான நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது, சாமானியருக்கு நன்மை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிராளி எப்போதும் ஆள்பலம் உள்ளவர் என்றால் கண்டிப்பு நியாயமாகவே தெரியும். வணிக நீதிமன்றத்தில் அப்படி நம்ப இடமில்லை.

எண் என்று ஒன்று இருந்தால்தான் நிச்சயம் இருக்கும். ஒரு நாளை மன்னித்தால் பத்து நாளையும், பிறகு நூறு நாளையும் மன்னிக்க வேண்டிவரும். மீண்டும் பழைய வாய்தா ராஜ்யம்தான் என்பது எதிர்வாதம். இதை லேசாக ஒதுக்க முடியாது. மன்னிப்பைத் தாராளமாக வைத்ததன் விளைவை நாம் பார்த்தும் இருக்கிறோம். 1987இல் காஷ்மீர் நில ஆர்ஜித வழக்கு ஒன்றில், அரசின் நான்கு நாள் தாமதத்தை மன்னித்த உச்ச நீதிமன்றம், நுணுக்கத்தைவிட நியாயமே பெரிது என்ற நோக்கில் தாமத மனுக்களைப் பார்க்கச் சொன்னது. அந்த நான்கு நாளை வைத்துக்கொண்டு அரசுத் துறைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதற்குப் பின்னால் வந்த வழக்குகளே சாட்சி. 2012இல் தபால் துறை 427 நாள் தாமதமாக வந்தது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்ற வழக்கமான காரணத்தை ஏற்க மறுத்த நீதிமன்றம், அரசுக்குத் தனிக் காலக்கணக்கு கிடையாது என்றது. 2020இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் கழித்து வந்து 25,000 ரூபாய் அபராதத்தோடு திரும்பியது. சும்மா ஒரு தள்ளுபடி உத்தரவு வாங்கிக் கோப்பை மூடுவதற்கென்றே இப்படி மனுக்கள் வருகின்றன என்று அந்த அமர்வு வெளிப்படையாகவே எரிச்சல் பட்டது.

இருந்தும், நிச்சயம் வேண்டும் என்பதிலிருந்து மன்னிப்பே கூடாது என்ற முடிவு வராது. வழக்கைத் தொடங்கவும் மேல்முறையீடு செய்யவும் உள்ள கெடுவில் நிச்சயத்துக்கு மதிப்பு அதிகம். தீர்ப்பு வாங்கியவர் இனி இது முடிந்தது என்று நிம்மதியாக இருக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வழக்குக்குள் ஒரு வாதத்தைச் சொல்வதில் அந்த நிம்மதி இன்னும் பிறக்கவே இல்லை. அங்கே தாமதத்துக்குச் செலவுத்தொகை விதிக்கலாம், ஒரே வாரம் கொடுத்துக் கறாராக நிற்கலாம், எதிர்த்தரப்புக்குப் பதில் சாட்சிக்கு வாய்ப்புத் தரலாம். வாயை அடைப்பது ஒன்றுதான் மருந்து என்பதில்லை. எண்களும் அப்படித் தொட முடியாதவை அல்ல. கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைக் காலவரையறைக் கணக்கிலிருந்து உச்ச நீதிமன்றமே கழித்துவிட்டது. சிறார் நீதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், குற்றம் நடந்த நாளில் தான் சிறுவன் என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம் என்கிறது. புனேயில் 1994இல் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்று, அது உச்ச நீதிமன்றத்திலும் உறுதியான ஒருவர், சம்பவத்தின்போது தனக்குப் பன்னிரண்டு வயதுதான் என்று நிறுவி, 28 ஆண்டுக்கும் மேலான சிறைக்குப் பின் 2023இல் விடுதலையானார். எதை இழக்கிறோம் என்பதைப் பார்த்துக் கெடுவைத் தளர்த்த நம் சட்டத்துக்குத் தெரியும்.

எண்ணை மட்டுமே நம்பினால் எந்த எல்லைக்குப் போகலாம் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். ஒஹையோ மாநிலச் சிறைக்கைதி ஒருவருக்கு மேல்முறையீட்டுக் கெடுவை நீட்டித்தார் ஒரு மத்திய நீதிபதி. சட்டம் 14 நாள்தான் நீட்டிக்க அனுமதித்தது. நீதிபதி கைத்தவறாக 17 நாள் கொடுத்துவிட்டார். கைதி 16ஆம் நாள் தாக்கல் செய்தார், நீதிபதி சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே. 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அந்த மேல்முறையீடு செல்லாது என்றது. நீதிபதியை நம்பியதற்குத் தண்டனை கைதிக்கு. நம் காலவரையறைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் உள்ள விளக்கம், உயர் நீதிமன்றத்தின் உத்தரவோ வழக்கமோ தீர்ப்போ ஒருவரைத் தவறான கணக்குக்குள் தள்ளியிருந்தால் அதுவே தாமதத்துக்குப் போதிய காரணமாகலாம் என்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் மனிதத்தனம் கூடியது. அமெரிக்காவிலேயே 1991இல் முடிந்த வர்ஜீனியா வழக்கில், மரண தண்டனைக் கைதியின் வழக்கறிஞர்கள் மூன்று நாள் பிந்தியதால் அவருடைய வாதங்களை மத்திய நீதிமன்றம் கேட்கவே மறுத்தது; அந்தக் கட்டத்தில் வழக்கறிஞரின் பிழை கைதியின் பிழை என்றது உச்ச நீதிமன்றம். 1992இல் தண்டனை நிறைவேறியது. 2006இல் வந்த மரபணுச் சோதனை அவரைக் குற்றவாளி என்றே காட்டியது. அதை வைத்து விதியை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் மூன்று நாள் தாமதத்துக்கும் அவர் குற்றவாளியா என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நிரபராதியாக இருந்திருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

வழக்கறிஞர் பிழை கட்சிக்காரர் பிழையா என்பதுதான் இதில் கடைசியாக மிஞ்சும் கேள்வி, நம் நாட்டிலும். கெடுவைத் தவறவிடுவது பெரும்பாலும் வக்கீல்; வீட்டை இழப்பது கட்சிக்காரர். 1981இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்சிக்காரர் பக்கம் நின்று பார்த்தது. வக்கீலைத் தேர்ந்து, சொன்ன கட்டணத்தைக் கட்டி, தேவையான விவரம் கொடுத்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்று கிராமத்து மனிதர் நம்புவதில் தவறில்லை. வக்கீல் வராத குற்றத்துக்கு அவர் பலியாகக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1998இல் சென்னையிலிருந்து போன வழக்கு இன்னும் துலக்கமானது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரிய மனு தள்ளுபடியாகி, அதை மீட்க வருவதற்குள் 883 நாள் தாமதம். விசாரணை நீதிமன்றம் மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் மீண்டும் மன்னித்தது. தாமதத்தின் நீளம் முக்கியமல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றார்கள். அந்தக் கட்சிக்காரர் இடையில் சும்மா இருக்கவும் இல்லை. தன்னைக் கைவிட்ட வழக்கறிஞர் நிறுவனத்தின் மீது நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்து 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவு வாங்கியிருந்தார். அவர் உண்மையாகவே ஏமாற்றப்பட்டார் என்பதற்கு அதுவே ஆதாரமானது.

இன்று அவருக்கு அந்த வழி இல்லை. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞரின் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்துவிட்டது. வழக்கறிஞர் தொழில் வியாபாரம் அல்ல, கட்சிக்காரர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடப்பது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. தொழிலின் தன்மையைப் பற்றி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பக்கம் கெடுக்களை மன்னிப்பில்லாத எண்களாக இறுக்கிக்கொண்டு, மறுபக்கம் கெடுவைத் தவறவிட்டவரிடம் இழப்பீடு கேட்கும் சுலபமான வழியை அடைப்பது, இரண்டும் சேரும்போது முழுச் சுமையையும் எதுவும் அறியாத மூன்றாமவர் தலையில் இறக்குகிறது. கெடுவை இறுக்குகிற சட்டமே, தவறு வக்கீலுடையது என்று தெரிந்தால் செலவுத்தொகையை அவர் கட்டட்டும், கட்சிக்காரரின் பதில் கோப்பில் ஏறட்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். 120 நாள் என்ற எண்ணை மாற்றாமலேயே செய்யக்கூடிய திருத்தம் அது. இப்போதைக்கு ஏமாந்தவருக்கு மிஞ்சியிருப்பது பார் கவுன்சிலில் ஒழுங்கு நடவடிக்கைக்கான புகாரும், கவனக்குறைவுக்காகச் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கும். அந்த வழக்கைப் போடுவதற்கும் மூன்று ஆண்டுக் கெடு உண்டு.